நாலாம் நிபந்தனை

வண்டியை விட்டுக் கொடுப்பதாக மாஜிஸ்திரேட் சொன்னதும் தங்கபுஷ்பம் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடினாள். வக்கீல் எபனேசர் பின்னாலேயே வந்து மறித்தார்.

"எங்கம்மா ஓடுதிய? நிபந்தனை இன்னும் வாசிக்கவே இல்ல."

"வண்டிதான் குடுத்துட்டாங்கல்லா சார்?"

"குடுக்கல. வச்சுக்கிடச் சொல்லியிருக்காங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

வண்டி என்றால் செவலை. சிவப்பு நிறச் சரக்கு வண்டி. இப்போதெல்லாம் வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடத்தைச் சொன்னால் போகும், ஏற்றினால் சுமக்கும், வாய் கொடுத்தால் பேசும். கூத்தலூரணியில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் தங்கபுஷ்பத்துக்குக் கையும் காலும் அதுதான். அண்டா, தேக்சா, ஜமுக்காளம், இருநூறு நாற்காலி எல்லாம் அதன் முதுகில்தான் ஊர் ஊராகப் போய்வரும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒப்பந்ததாரர் ஒருவர் சிமெண்ட் மூட்டை ஏற்ற என்று ஒரு நாள் இரவல் கேட்டார். தெரிந்த ஆள்தானே என்று கொடுத்தாள். அவர் வண்டியை ஆற்றுக்கு அனுப்பி மணலை அள்ளிப் போட்டுவிட்டார். போலீஸ் வந்தபோது ஓடுவதற்கு ஓட்டுநரும் இல்லை, பிடிப்பதற்கு ஆளும் இல்லை. செவலைதான் "நான் என்ன செஞ்சேன்? ஏன் எல்லாரும் என்னையே பாக்கிய?" என்று கேட்டுக்கொண்டு நின்றதாம். அதையே பிடித்துக்கொண்டு போனார்கள்.

எபனேசர் விரலை மடக்கினார். "ஒண்ணு, ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்து. ரெண்டு, விக்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது, ஒரு ஆணியைக்கூட மாத்தக் கூடாது. மூணு, மாசாமாசம் முதல் வெள்ளிக்கிழமை வண்டியை இங்க கொண்டாந்து காட்டணும். நாலாவதுதான் கொஞ்சம் வில்லங்கம்."

"அது என்ன சார்?"

"உங்க வண்டி பொருள் மட்டுமில்லம்மா, சாட்சியும் அதுதான். மணல் அள்ளச் சொன்னது யாருன்னு அதோட நினைவுப் பெட்டியிலதான் இருக்கு. மத்த வண்டியெல்லாம் பொழுது அடைஞ்சா அன்னைக்குக் கேட்டத அழிச்சிரும். இது அழிக்கக் கூடாது. பதியுறத நிறுத்தவும் கூடாது. நிறுத்துனா பழைய பதிவுல கை வச்ச மாதிரின்னு நிபுணர் எழுதிக் குடுத்துட்டாரு. அதனால கேஸ் முடியுற வரைக்கும் வண்டி காதுல விழுறது பூராவும் கோர்ட்டுக்கு வந்து சேரும்."

"வந்துட்டுப் போகுது. நான் அதுகிட்ட என்ன ரகசியமா பேசுதேன்?"

"நீங்க பேசாட்டியும் மத்தவங்க பேசுவாங்கல்லா. அதனால யார் பக்கத்துல வந்தாலும் வண்டி முன்கூட்டியே அறிவிச்சிரணும். அதான் நாலாம் நிபந்தனையோட கடைசி வரி. இதுல ஒண்ண மீறினாலும் வண்டி திரும்ப ஸ்டேஷனுக்குப் போயிரும்."

ஸ்டேஷன் என்ற சொல்லே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. செவலையை அங்கே போய்ப் பார்த்தவள் அவள். வேலிக்கருவேல மரத்தடியில், துருப்பிடித்த நாற்பது வண்டிகளுக்கு நடுவில் நின்றது. பின் தட்டில் யாருடைய கோழியோ அடைகாத்துக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும், "அக்கா, வந்துட்டியளா? மெதுவா ஏறுங்க. உள்ள பதினோரு முட்டை இருக்கு" என்றது செவலை. அன்றைக்குத் தங்கபுஷ்பம் அழுத அழுகையை ஏட்டையாவே பார்க்கமுடியாமல் உள்ளே போய்விட்டார். மறுபடி அங்கே விடுவதா? நூறு நிபந்தனை என்றாலும் சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

நினைவுப் பெட்டியின் மேல் நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார்கள். நாலாம் நிபந்தனை என்னவென்று அடுத்த வாரமே அவளுக்குப் புரிந்தது.

பக்கத்து ஊரில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தலை ஒட்டிச் செவலை போய் நின்றது. பந்தலுக்குள் மாப்பிள்ளையின் தகப்பனார் நகைப் பேச்சை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தொகையைச் சொல்லப் போன நேரம், செவலை கணீரென்று ஆரம்பித்தது.

"அன்பார்ந்த பொதுமக்களுக்கு வணக்கம். இது நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ள வண்டி. இதன் அருகில் நீங்கள் பேசுவது அனைத்தும் நீதிமன்றத்துக்காகப் பதிவாகிறது."

மாப்பிள்ளையின் தகப்பனார் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு வண்டி இருந்த பக்கமாகத் திரும்பி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப்போலச் சொன்னார்: "நாங்க ஒண்ணுமே கேக்கல. பொண்ணு மட்டும் போதும். குண்டுமணித் தங்கம் வேண்டாம்."

பெண்ணின் தகப்பனாருக்கு வந்த சந்தோஷத்தில் செவலைக்கு ஒரு மாலை போட்டார். ஆனால் கல்யாணம் நடத்துகிறவர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் பாதிதானே? மீதிப் பாதிக்குச் செய்தி காட்டுத்தீயாகப் பரவிற்று. மூன்று முகூர்த்தம் கைவிட்டுப் போயிற்று. சடங்கு வீட்டுக்காரர்கூட, "புஷ்பம், தப்பா நெனைக்காத. எங்க வீட்டுல நாலு மருமக்கமாரு. நாலும் வாயத் தொறந்தா கோர்ட்டு தாங்காது" என்று முன்பதிவை ரத்து செய்துவிட்டார். அண்டாக்கள் கவிழ்த்த இடத்திலேயே கிடந்தன. செவலையோ ஆடு மாடு வந்தாலும் அன்பார்ந்த பொதுமக்களே என்று அழைத்துக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்கு எதுக்குலே அறிவிப்பு?"

"யாருன்னு உத்தரவுல போடலியே அக்கா. நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். திரும்ப அந்தக் கோழியோட என்னால குடித்தனம் பண்ண முடியாது."

அப்படியிருக்கையில்தான் ஒருநாள் காலையில் மேலத்தெரு பேச்சித்தாய் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்தாள். செவலை வழக்கம்போல அறிவித்தது. பேச்சித்தாய் நின்றாள். குடத்தை இறக்கினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டியின் முன்விளக்கைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஜட்ஜ் ஐயாவுக்கு வணக்கம். என் பேரு பேச்சித்தாய். மேலத்தெருவுக்குப் பதினாறு நாளா தண்ணி வரல. குழாய் திறக்குற ஆளு கீழத்தெருவுல அவுஹ மச்சினன் வீட்டுக்கு மட்டும் திறந்துவிடுதாரு. நீங்கதான் பாத்து ஏதாச்சும் செய்யணும்."

உள்ளேயிருந்த தங்கபுஷ்பம் கரண்டியோடு ஓடி வந்தாள். "மைனி, இது டேப் ரிக்கார்டர் மாதிரி சும்மா பதியுததுதான். நீ பாட்டுக்கு மனு குடுக்கியே!"

"நீதிமன்றத்துக்காகத்தான பதியுது? அதுவேதானே சொல்லுச்சு? அப்ப ஜட்ஜ் கேக்காம வேற யாரு கேப்பா?"

சொல்லப்போனால் தங்கபுஷ்பமுமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சில வாரமாகச் செவலை பக்கத்தில் நின்று தும்முவதற்குக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று சாயங்காலமே மேலத்தெருவில் தண்ணீர் வந்தது. குழாய் திறக்கிறவர் காதுக்கு விஷயம் போய், அலறியடித்துக்கொண்டு வந்து திறந்திருக்கிறார். வந்தவர் நேரே செவலையிடம் போய், "ஐயா, திறந்துட்டேன். மோட்டார் கோளாறுதான், வேற ஒண்ணுமில்ல" என்று தன் தரப்பையும் பதிந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மறுநாள் எட்டுப் பேர். அதற்கு மறுநாள் இருபது. வெயிலில் நிற்கிறார்களே என்று தங்கபுஷ்பம் வாடகை நாற்காலிகளை எடுத்துப் போட்டாள், ஜமுக்காளத்தைக் கட்டி நிழல் செய்தாள். கவிழ்ந்து கிடந்த அண்டா ஒன்று நிமிர்ந்து மோர் வாங்கிக்கொண்டது. ரேஷன் கடையில் எடை குறைவது, அங்கன்வாடிக் கூரை ஒழுகுவது, சுகாதார நிலையத்து மருந்தாளுநர் மதியத்துக்கு மேல் காணாமல் போவது, எல்லாம் வந்தது. ஒவ்வொருவர் முடித்ததும் செவலை "பதிவாயிட்டு. அடுத்த ஆள் வாங்க" என்று தானே சொல்லக் கற்றுக்கொண்டது. பாதிக்குப் பாதி குறைகள் தீர்ந்தன. யாரும் உத்தரவு போடவில்லை. தன் பெயர் கோர்ட்டில் ஒலிக்கிறது என்ற நினைப்பே அதிகாரிகளைக் காலையில் எழுப்பிவிட்டது.

தங்கபுஷ்பத்துக்கு இதில் பெருமை ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். ஊர் நன்றாக இருந்தது, அவள் தொழில் படுத்துவிட்டது. "சார், நாலாம் நிபந்தனைய மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்க. என் வண்டி எனக்குப் பழையபடி செவிடா வேணும். ஆடி முடிஞ்சா முகூர்த்தம் வருது" என்று எபனேசரை நச்சரித்தாள். அவரும் மனுப் போட்டார். வாய்தா. மறு மாதம் வாய்தா. அதற்கடுத்த மாதமும் வாய்தா. நீதிமன்றத்தின் கொடை அது ஒன்றுதான் என்று தங்கபுஷ்பம் வாய்விட்டுத் திட்டினாள். திட்டியதும் பதிவாயிற்று.

நாலாவது மாதம் பஸ் விஷயம் வந்தது.

கூத்தலூரணிக்கு வந்துகொண்டிருந்த ஒரே டவுன் பஸ்ஸை, ஆள் குறைவு என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். வண்டி வைத்திருக்கிறவர்களுக்குக் கவலையில்லை. தீப்பெட்டி ஆலைக்குப் போகிற பெண்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும்தான் பிரதான சாலை வரைக்கும் மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள். தங்கபுஷ்பம் இதைக் கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவுதான். ஒருநாள் முப்பத்தேழு பெண்கள் வரிசையாக வந்து ஒவ்வொருவராகச் செவலையிடம் சொன்னார்கள். பிள்ளைத்தாச்சியாக நடந்தது, மழையில் நடந்தது, நடக்கமுடியாமல் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது. மோர் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் தங்கபுஷ்பம் கேட்டாள். இதே ஊரில் இருந்துகொண்டு இத்தனை நாள் எனக்குக் காது எங்கே போயிற்று என்று வெட்கப்பட்டாள்.

பத்து நாளில் பஸ் கிளை மேலாளரிடமிருந்து தகவல் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறேன், பஸ்ஸையும் கொண்டுவருகிறேன், வண்டிக்கு முன்னால் நின்று பதில் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து அதுவரை மேற்கொண்டு யாரும் எதுவும் பதிய வேண்டாம். ஊரே திங்கட்கிழமைக்குக் காத்திருந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வழக்கு கூப்பிடப்பட்டது.

நீதிமன்றத்துக்குள் நுழையும்போதே எபனேசர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "புஷ்பம்மா, நல்ல நேரம் பொறந்துட்டு! வண்டியோட பழைய பதிவப் போட்டுக் காட்டினதும் ஒப்பந்ததாரர் குத்தத்த ஒத்துக்கிட்டாரு. வழக்கு முடிஞ்சது. நிபந்தனை எல்லாம் ரத்து. இன்னைக்கே முத்திரைய வெட்டிருவாங்க."

தங்கபுஷ்பம் வாய்திறக்குமுன் பெஞ்ச் கிளார்க் உலகநாதன் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்துவிட்டார். தலை நரைத்த, எதற்கும் அவசரப்படாத மனிதர். அவர் பீரோவைத் திறந்தபோது அடித்தட்டில் நாலு காக்கி உறைகள் இருந்தன. மாதாமாதம் அவள் வண்டியிலிருந்து நகலெடுத்துப் போட்டவை. நாலின் மேலும் அரக்கு வைத்தது வைத்தபடி இருந்தது.

"அண்ணாச்சி, இத இன்னும் தொறக்கலியா?"

"எதுக்கும்மா தொறக்கணும்? பத்திரமா வைக்கணும்னுதான் உத்தரவு. கேக்கணும்னு உத்தரவு இல்லியே. மணல் அள்ளுன அன்னைக்கு உள்ளது மட்டும்தான் கேஸுக்கு வேணும். மத்தத யாரு கேப்பா?"

செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்ட பேச்சித்தாய், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினவள், பேசமுடியாமல் அழுதவள், எல்லோரும் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் போய்ச் சிரிப்பு வரும்போல இருந்தது. அதற்குள் உலகநாதன் கத்தரிக்கோலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மா!" என்று தங்கபுஷ்பம் கையை உயர்த்தினாள்.

மாஜிஸ்திரேட் மெஹருன்னிசா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஜட்ஜ் ஐயா, ஐயா என்று ஊர் கும்பிட்டது ஒரு அம்மாளை என்பது கூத்தலூரணிக்கு இன்றுவரை தெரியாது.

"என்னம்மா? வண்டி உங்களுக்கே வந்தாச்சு. சந்தோஷம்தானே?"

"சந்தோஷந்தாம்மா. ஆனா எனக்கு ஒரு வாய்தா வேணும்."

எபனேசர் இருமினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "நாலு மாசமா நிபந்தனைய எடுங்கன்னு மனுப் போட்டது நீங்கதானே?" என்றார் மாஜிஸ்திரேட்.

"நான்தாம்மா. இப்ப செவ்வாய்க்கிழமை வரைக்கும் அது இருக்கட்டும். திங்கக்கிழமை எங்க ஊருக்குப் பஸ்ஸு வருது." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர், கூரை, மருந்தாளுநர், முப்பத்தேழு பெண்கள்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் பதிவை இங்க யாரும் கேக்கல. அது எங்க வேலையும் இல்ல."

"இப்பத்தான் பீரோவப் பாத்தேம்மா. அது எனக்கும் உங்களுக்கும் தெரிஞ்சாப் போதும்."

"கேக்காத கோர்ட்ட, கேக்கற கோர்ட்டுன்னு ஜனங்க நம்பறாங்க. அதுக்கு நான் துணை போகணுமா?"

"நம்பி யாரும் பொய் சொல்லலியேம்மா. உள்ளதத்தான் சொல்லுதாங்க. பயந்து ஓடுதவங்களும் அவங்க வேலையத்தான் செய்யுதாங்க. அப்புறம்..." தங்கபுஷ்பம் நிறுத்தினாள். அவளுக்கே அப்போதுதான் தட்டுப்பட்டது. "யாரும் கேக்கலன்னு சொல்லாதிய. நான் கேட்டேன்லா. நாலு மாசமா மோர் ஊத்திக்கிட்டே ஒண்ணு விடாம நான் கேட்டிருக்கேன்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் பொய் எழுத முடியாதே, தங்கபுஷ்பம்."

"நீங்க ஒண்ணுமே எழுத வேண்டாம்மா. தள்ளிப் போட்டாப் போதும். கோர்ட்டுக்குத் தெரியாத வேலையா அது?"

எபனேசர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட்டின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறவர்கள் செய்வதுபோலக் கோப்பைப் புரட்டினார், மூடினார், பிறகு சொன்னார்: "உரிமையாளர் அவகாசம் கேட்கிறார். அனுமதிக்கப்படுகிறது. செவ்வாய்க்கிழமை. உலகநாதன், கத்தரிக்கோலை உள்ள வைங்க. முத்திரை சரியா இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வாங்க."

வளாகத்துப் புங்கமரத்தடியில் செவலை நின்றது. உலகநாதனும் தங்கபுஷ்பமும் கிட்டே வரவும் அறிவிப்பை ஆரம்பித்து முடித்தது. உலகநாதன் குனிந்து முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். பார்த்தாயிற்று, போகவேண்டியதுதான். போகவில்லை. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வண்டியின் முன்னால் வந்து நின்றார்.

"வணக்கம். என் பேரு உலகநாதன். பெஞ்ச் கிளார்க். வீட்டுக்காரி தருமபுரியில டீச்சரா இருக்கா, நான் இங்க தனியா இருக்கேன். ஒம்பது வருஷமா இடமாறுதலுக்கு மனுப் போடுதேன்."

"அண்ணாச்சி!" தங்கபுஷ்பம் அசந்துபோனாள். "யாரும் கேக்க மாட்டாங்கன்னு நீங்கதான இப்ப சொன்னிய?"

உலகநாதன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பதினெட்டு மனுப் போட்டாச்சும்மா. ஒண்ணக்கூட ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கல."

தங்கபுஷ்பத்துக்கு அதற்குமேல் கேலி செய்ய மனம் வரவில்லை. வண்டியின் பின்னாலிருந்து ஒரு நாற்காலியை இறக்கி, விரித்து, அவருக்குப் பக்கத்தில் போட்டாள். இன்னொன்றை எதிரே போட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

"ம், சொல்லுங்க அண்ணாச்சி. முதல் மனு எப்பப் போட்டிய?"